ஒளி அதிரும் திசை: துடிக்கும் நட்சத்திரங்களின் உள்ளே பார்க்க ஒரு வழி

மே மாத நடுப்பகுதியில், இரவு ஒன்பது மணியளவில், தெற்குப் பக்கம் மரமோ கட்டடமோ மறைக்காத ஓர் இடத்தில் நின்று பாருங்கள். கையை நீட்டிப் பிடித்தால் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் நான்கு நட்சத்திரங்கள் சிலுவை வடிவில் நிற்கும். இதுதான் தென்சிலுவை. எங்கள் பக்கத்தில் இதையே திரிசங்கு என்று சொல்பவர்களும் உண்டு. சிலுவையின் இடது கையில் உள்ள நீலவெள்ளை நட்சத்திரத்தின் பெயர் பீட்டா குரூசிஸ். மிமோசா என்றும் அழைப்பர். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசில் ஆகிய நாடுகளின் தேசியக் கொடிகளிலும் அது இருக்கிறது.

வடக்கிலும் கிழக்கிலும் மின்சாரம் இல்லாமல் கழிந்த நீண்ட ஆண்டுகளில் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு இந்த வானம் புதிதல்ல. ஆனால் அந்தக் காலத்தில் வானில் ஓர் ஒளி அசைந்தால் அது வண்டா, பரா வெளிச்சமா என்றுதான் நெஞ்சு பதறியது. அசையாமல் நின்ற நட்சத்திரங்களை நின்று பார்க்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

அசையாமல் நிற்பதுபோல் தெரியும் மிமோசா உண்மையில் துடித்துக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ 4.6 மணித்தியாலத்திற்கு ஒருமுறை அதன் ஒளி கூடிக் குறைகிறது. மாற்றம் மிகச் சிறியது என்பதால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 2021 டிசெம்பரில் டானியல் கொட்டன், டெரெக் புசாசி ஆகியோர் அடங்கிய வானியலாளர் குழுவொன்று, இந்த நட்சத்திரத்தின் ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை அளந்து, அதன் திணிவையும் வயதையும் உள்ளகத்தின் அளவையும் கணித்து வெளியிட்டது. 280 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓர் ஒளிப்பொட்டிலிருந்து இவ்வளவும் எப்படிக் கிடைத்தது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

பொட்டு என்ற சிக்கல்

சூரியனைத் தவிர மற்ற எல்லா நட்சத்திரங்களும் வழக்கமான தொலைகாட்டிகளில் பொட்டுகளாகவே தெரிகின்றன. பொட்டிலிருந்து வரும் ஒளி, அந்த நட்சத்திரத்தின் எங்களைப் பார்த்த முகம் முழுவதிலிருந்தும் வரும் ஒளியின் கூட்டுத்தொகை. ஒரு பக்கம் பிரகாசமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் கூட்டுத்தொகையில் அந்த வேறுபாடு மறைந்துபோகும். ஊரிலுள்ள எல்லோருடைய வருமானத்தையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்வதைப் போன்றது இது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அந்தத் தொகை சொல்லாது.

ஆயினும் கூட்டுத்தொகையை வைத்தே வானியல் நெடுந்தூரம் வந்திருக்கிறது. 1596இல் டேவிட் ஃபப்ரீசியஸ் திமிங்கில மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் மங்கி மறைவதைக் கண்டார். பின்னர் மீரா எனப் பெயர் பெற்ற அது ஏறத்தாழ 11 மாதங்களுக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்குகிறது. 1784இல் ஜோன் குட்ரிக் என்ற, காது கேளாத இளைஞர் டெல்டா செஃபெய் நட்சத்திரத்தின் ஐந்து நாள் துடிப்பைக் கண்டறிந்தார். 1912இல் ஹென்றியெட்டா லீவிற், இவ்வகை நட்சத்திரங்களில் துடிப்புக்காலம் நீள நீள உண்மைப் பிரகாசமும் கூடுகிறது என்று காட்டினார். அண்டத்தின் தூரங்களை அளக்க இன்றும் அது ஓர் அடிப்படை. (இவை பல்சார்கள் அல்ல. பல்சார் என்பது சுழலும் நியூத்திரன் நட்சத்திரம். இங்கே பேசப்படுபவை உண்மையாகவே விரிந்து சுருங்குபவை.)

மீராவும் டெல்டா செஃபெயும் மூச்சு விடும் நெஞ்சைப் போல முழு உருண்டையாக விரிந்து சுருங்குகின்றன. மிமோசா போன்ற சூடான, பாரமான நட்சத்திரங்களின் துடிப்பு அவ்வளவு எளிமையானதல்ல. அங்கே ஒரே நேரத்தில் பல துடிப்புகள் நடக்கின்றன. ஒரு பகுதி புடைக்கும்போது இன்னொரு பகுதி அமிழ்கிறது. எந்தத் துடிப்பு எந்த வடிவம் கொண்டது என்று தெரிந்தால், அந்த அலைகள் நட்சத்திரத்தின் உள்ளே எவ்வளவு ஆழம் சென்று திரும்புகின்றன என்று கணிக்கலாம். பூமியின் நடுவே திண்மமான உட்கரு இருப்பதை 1936இல் இங்கே லேமன் பூகம்ப அலைகளைக் கொண்டே கண்டுபிடித்தார். அதே முறைதான் இதுவும். ஆனால் வடிவம் தெரியாவிட்டால் கணக்கைத் தொடங்கவே முடியாது. பிரகாசமோ வடிவத்தைச் சொல்வதில்லை.

முனைவாக்கம் என்றால் என்ன?

ஒளி ஓர் அலை. அது செல்லும் திசைக்குக் குறுக்காக அதிர்கிறது. ஒரு கயிற்றைத் தூணில் கட்டி மறுமுனையைப் பிடித்து ஆட்டினால் மேல்கீழாகவும் ஆட்டலாம், பக்கவாட்டிலும் ஆட்டலாம். அந்தக் கயிறு நிலைக்குத்தான யன்னல் கம்பிகளுக்கிடையே சென்றால் மேல்கீழ் அலை தப்பிச் செல்லும், பக்கவாட்டு அலை கம்பியில் பட்டு நின்றுவிடும். சாதாரண வெளிச்சத்தில் எல்லாத் திசை அதிர்வுகளும் கலந்திருக்கின்றன. ஏதாவது ஒரு திசை மற்றவற்றைவிட ஓங்கியிருந்தால் அந்த ஒளி முனைவாக்கப்பட்டது என்கிறோம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். முனைவாக்கக் கண்ணாடி பொருத்திய வெயில் கண்ணாடி ஒன்றை எடுத்து, கல்குலேற்றரின் திரைக்கு முன்னால் மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை கறுத்துப்போகும். எழுத்துகளும் இலக்கங்களும் அங்கேதான் இருக்கின்றன, அவற்றைக் காட்டும் ஒளியின் அதிர்வுத் திசையைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. 1808இல் எட்டியேன் மலூஸ் பாரிஸின் லக்சம்பேர்க் மாளிகையின் யன்னல்களில் பட்டுத் தெறித்த மாலை வெயிலை ஒரு கல்சைற்றுப் பளிங்கின் ஊடாகப் பார்த்தபோது கண்டதும் இதைத்தான்: தெறித்த ஒளிக்கு ஒரு திசை இருக்கிறது.

தெறித்தாலும் சிதறினாலும் ஒளி முனைவாக்கம் பெறுகிறது. நீல வானத்தின் ஒளி காற்றின் மூலக்கூறுகளில் சிதறி வருவதால் அதுவும் முனைவாக்கப்பட்டதே. தேனீக்கள் அதை உணர்ந்து வழி கண்டுபிடிக்கின்றன. எங்கள் கண்ணுக்கு அந்த வசதி இல்லை.

சந்திரசேகரின் எதிர்வுகூறல்

லாகூரில் 1910இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரை, இறந்த நட்சத்திரங்களின் திணிவு எல்லைக்காகவே பெரும்பாலானோர் அறிவர். 1983இல் நோபல் பரிசு கிடைத்தபோது பத்திரிகைகளும் அதையே எழுதின. அவர் 1946இல் செய்த இன்னொரு கணிப்பு அவ்வளவு பேசப்படுவதில்லை.

மிகச் சூடான நட்சத்திரங்களின் மேற்பரப்பில் அணுக்களிலிருந்து பிரிந்த இலத்திரன்கள் நிறைந்திருக்கின்றன. உள்ளிருந்து வரும் ஒளி அவற்றில் மோதிச் சிதறித்தான் வெளியேறுகிறது. அப்படியானால் நட்சத்திர வட்டத்தின் விளிம்பிலிருந்து வரும் ஒளி முனைவாக்கப்பட்டிருக்க வேண்டும். ஒளி முழுவதும் இலத்திரன்களில் மட்டுமே சிதறினால் விளிம்பில் அது நூற்றுக்கு 11.7 வரை இருக்கும் என்று அவர் கணக்கிட்டார்.

ஆனால் இங்கேயும் பொட்டுச் சிக்கல் வந்து நிற்கிறது. வட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு திசை, பக்கவிளிம்பில் அதற்குச் செங்குத்தான திசை. உருண்டை ஒழுங்காக இருந்தால் எல்லாம் ஒன்றையொன்று சமன்செய்து, கூட்டினால் பூச்சியமே மிஞ்சும். எனவே ஒரு நட்சத்திரம் இன்னொன்றை மறைக்கும் வேளையில், விளிம்பின் ஒரு பகுதி மட்டும் தெரியும்போது பார்க்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. வில்லியம் ஹில்ற்னரும் ஜோன் ஹோலும் தேடினார்கள். 1949இல் முனைவாக்கம் கிடைத்தது. ஆனால் அது நட்சத்திரத்தினுடையதல்ல. நட்சத்திரங்களுக்கிடையே மிதக்கும் தூசித் துகள்கள் எங்கள் பால்வீதியின் காந்தப்புலத்தால் ஒரு பக்கமாக ஒழுங்குபட்டு, ஊடே வரும் ஒளியை முனைவாக்கியிருந்தன. ஒன்றைத் தேடி வேறொன்றைக் கண்டார்கள். பால்வீதிக்குக் காந்தப்புலம் உண்டு என்பதற்கான முதற் சான்றுகளில் அது ஒன்றாயிற்று.

சந்திரசேகர் சொன்ன விளிம்பு விளைவு 1983இல் அல்கோல் என்ற மறைப்பு இரட்டை நட்சத்திரத்தில் அளக்கப்பட்டது. 2017இல் இன்னொரு வடிவில் அது வெளிப்பட்டது. எங்கள் பஞ்சாங்கத்தில் மகம் எனப்படும் ரெகுலஸ், மத்திய கோட்டில் செக்கனுக்கு 320 கிலோமீற்றர் வேகத்தில் சுழல்கிறது. இது அந்த நட்சத்திரம் சிதறிப்போகும் வேகத்தின் 96.5 வீதம். அவ்வளவு வேகமாகச் சுழல்வதால் அது உருண்டையாக இல்லை, நடுவில் புடைத்திருக்கிறது. உருண்டை கெட்டதும் சமன்பாடும் கெட்டு, சிறிதளவு முனைவாக்கம் மிஞ்சியது. 1968இல் ஹரிங்டனும் கொலின்சும் எதிர்பார்த்ததும் அதுவே.

துடிப்புக்கும் இதே தர்க்கம் பொருந்தும். நட்சத்திரம் முழு உருண்டையாக விரிந்து சுருங்கினால் முனைவாக்கம் வராது. ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் அமிழ்ந்தால் வரும். துடிப்பின் தாளத்திற்கு ஏற்ப அது கூடிக் குறையும். மிமோசா வகையான பீட்டா செஃபெய் நட்சத்திரங்களில் இது தெரியலாம் என்று 1979இல் ஓடெல் எழுதினார். அதை ஐயமின்றிக் காண நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது.

மில்லியனில் ஒரு பங்கை அளப்பது

தாமதத்திற்குக் காரணம் கருவிகள்தான். எதிர்பார்க்கப்பட்ட மாற்றம் மில்லியனில் சில பங்குகள் மட்டுமே. பத்து இலட்சம் ரூபாயை எண்ணும்போது சில ரூபாய்கள் பிசகுவதைப் போன்றது அது.

முதற் தடை ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது. ஒளி போட்டன்களாக, மழைத்துளிகளைப்போல ஒழுங்கின்றி வந்து விழுகிறது. எண்ணிய தொகையின் வர்க்கமூலமளவு தடுமாற்றம் எப்போதும் இருக்கும். மில்லியனில் ஒரு பங்குத் துல்லியம் வேண்டுமென்றால் குறைந்தது ஒரு மில்லியன் மில்லியன் போட்டன்களை, அதாவது 1க்குப் பின்னால் 12 பூச்சியங்கள் அளவு, சேர்க்க வேண்டும். ஆகவே பிரகாசமான நட்சத்திரங்கள் மட்டுமே இதற்குச் சரிவரும்.

இரண்டாவது தடை வளிமண்டலம். நட்சத்திரத்தின் ஒளி காற்றில் மினுங்குகிறது. முனைவாக்கமானி இதைத் தந்திரமாகக் கையாள்கிறது. உள்ளே வரும் ஒளியை ஓர் அரியம் ஒன்றுக்கொன்று செங்குத்தான அதிர்வுத் திசைகள் கொண்ட இரண்டு கற்றைகளாகப் பிரிக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் அளக்கப்படுகின்றன. மெல்லிய முகில் ஒன்று குறுக்கே வந்தால் இரண்டுமே சமமாக மங்கும், அவற்றின் விகிதம் மாறாது. அரியத்துக்கு முன்னால் ஒரு திரவப்பளிங்குத் தகடு செக்கனுக்கு 500 தடவை என்ற அளவில் இரு திசைகளையும் இடம்மாற்றிக்கொண்டே இருக்கிறது. காற்று இவ்வளவு விரைவாக மாறுவதில்லை. மிமோசாவை ஆராயப் பயன்பட்ட, அவுஸ்திரேலியாவில் வடிவமைக்கப்பட்ட ஹிப்பி வரிசைக் கருவிகள் இந்த முறையில் இயங்குபவை. அங்குள்ள சைடிங் ஸ்பிரிங் மலையில் 3.9 மீற்றர் ஆடி கொண்ட தொலைகாட்டியில் அவை பொருத்தப்பட்டன.

மூன்றாவது தடை மிகவும் தொல்லையானது. தொலைகாட்டியின் ஆடியே ஒளியைத் தெறிக்க வைப்பதால் தானும் கொஞ்சம் முனைவாக்கத்தைச் சேர்த்துவிடும். அந்தப் பொய்யான அளவு நாங்கள் தேடுவதைவிடப் பெரியதாகக்கூட இருக்கலாம். அதனால் முனைவாக்கம் ஏறக்குறைய இல்லாத, அருகிலுள்ள நட்சத்திரங்களைத் திரும்பத் திரும்ப அளந்து கருவியின் பங்கைக் கண்டுபிடித்துக் கழிக்கிறார்கள். வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் அவற்றில் ஒன்று. பிறகு கருவி முழுவதையும் சுழற்றி வைத்து மீண்டும் அளக்கிறார்கள். நட்சத்திரத்தின் திசை வானோடு நிற்கும், கருவியின் பிழை கருவியோடு சுழலும்.

இவ்வளவுக்குப் பிறகும் இடைவெளித் தூசியின் பங்கு எஞ்சியிருக்கும். அது மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் மாறுவதில்லை என்பதால், மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் போதும். துடிப்பின் காலம் வயர், டெஸ் ஆகிய நாசா செய்மதிகள் அளந்த பிரகாசத்திலிருந்து ஏற்கெனவே தெரிந்திருந்தது. வெவ்வேறு இரவுகளில் கிடைத்த முனைவாக்க அளவுகளை அந்தத் தாளத்தில் மடித்து அடுக்கியபோது, இரைச்சலுக்குள்ளிருந்து ஒழுங்கான ஏற்ற இறக்கம் எழுந்து வந்தது. என் பார்வையில் இந்த ஆய்வின் நம்பகத்தன்மை இங்கேதான் இருக்கிறது. தாளம் ஒரு கருவியிலிருந்து வந்தது, அதே தாளம் முற்றிலும் வேறான இன்னொரு கருவியிலும் கேட்டது.

மிமோசா சொன்னது

பிரகாசத்தில் ஓங்கித் தெரிந்த துடிப்பு வேறு, முனைவாக்கத்தில் ஓங்கித் தெரிந்த துடிப்பு வேறு. கிட்டத்தட்ட நான்கு மணித்தியாலம் கொண்ட பின்னையதன் வடிவத்தை விளங்க ஒரு தோடம்பழத்தை உரித்து நினைத்துக்கொள்ளுங்கள். முனையிலிருந்து முனைவரை ஆறு பெரிய சுளைகள். ஒன்று விட்டு ஒன்றாக மூன்று சுளைகள் வெளியே தள்ளும்போது இடையிலுள்ள மூன்றும் உள்ளே அமிழ்கின்றன. இந்த அலை நட்சத்திரத்தைச் சுற்றி ஓடுகிறது. பிரகாசமும் மங்கலும் ஒன்றையொன்று அழிப்பதால் வெளிச்சத்தின் கூட்டுத்தொகையில் இந்தத் துடிப்பு அடங்கிப்போகிறது. முனைவாக்கத்தில் அது தப்பித் தெரிகிறது.

வடிவம் தெரிந்ததும் மற்றவை தொடர்ந்தன. பல ஆண்டுகளாகச் சேமிக்கப்பட்டிருந்த திருசியப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, நட்சத்திரத்தின் சுழற்சி அச்சு எங்கள் பார்வைக் கோட்டுக்கு ஏறத்தாழ 46 பாகை சாய்ந்திருப்பது தெரிந்தது. மற்றத் துடிப்புகளையும் அடையாளம் காண முடிந்தது. மிமோசாவின் திணிவு 14.5 சூரியன்கள். வயது ஏறத்தாழ 11 மில்லியன் ஆண்டுகள், 4,600 மில்லியன் ஆண்டு வயதுள்ள சூரியனோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த குழந்தை. எரிபொருள் கலந்து புரளும் உள்ளகத்தில் மொத்தத் திணிவின் ஏறத்தாழ 28 வீதம் இருக்கிறது. துடிப்பைக் கொண்டு வயது கணிக்கப்பட்ட நட்சத்திரங்களில் மிகப் பாரமானது இதுதான் என்று ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

உள்ளகத்தின் அளவை அறிவதில் ஏன் இவ்வளவு அக்கறை? சூரியனைப்போல எட்டு மடங்குக்கு மேல் பாரமான நட்சத்திரங்கள் இறுதியில் வெடித்துச் சிதறுகின்றன. நாங்கள் சுவாசிக்கும் ஒட்சிசனின் பெரும்பகுதி அத்தகைய நட்சத்திரங்களுக்குள்ளேயே உருவானது. உள்ளகத்துக்குள் எவ்வளவு புதிய ஐதரசன் கலக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த நட்சத்திரம் எவ்வளவு காலம் வாழும், எதை விட்டுச்செல்லும் என்பது தீர்மானமாகிறது. கணினி மாதிரிகள் இதுவரை இந்த அளவைப் பெருமளவு ஊகித்தே வந்தன.

தூசியும் திருவாதிரையும்

மீரா வகை முதிய சிவப்பு நட்சத்திரங்களில் முனைவாக்கம் வேறொரு கதையைச் சொல்கிறது. அங்கே ஒளியைச் சிதறடிப்பது இலத்திரன் அல்ல, தூசி. ஒவ்வொரு துடிப்பும் வாயுவை மேலே தூக்கி எறிகிறது. அது குளிர்ந்து தூசியாகிறது. ஒளி அந்தத் தூசியைத் தள்ள, தூசி வாயுவையும் இழுத்துக்கொண்டு விண்வெளிக்குப் போகிறது. ஆனால் ஒட்சிசன் மிகுந்த நட்சத்திரங்களில் உருவாகும் தூசி கண்ணாடிபோல ஒளிபுகவிடுவது. ஒளியை உறிஞ்சாத துகளை ஒளி எப்படித் தள்ளும்? துகள்கள் போதிய அளவு பெரிதாக இருந்தால் ஒளியைச் சிதறடிப்பதாலேயே தள்ளப்படும் என்று 2008இல் சுவீடனின் சூசான் ஹோஃப்னர் முன்மொழிந்தார். 2012இல் பார்னபி நொரிஸ் தலைமையிலான குழு சிலியிலுள்ள பெருந்தொலைகாட்டியில் டபிள்யூ ஹைட்ரே, ஆர் டொராடஸ், ஆர் லியோனிஸ் ஆகிய மூன்று துடிக்கும் நட்சத்திரங்களின் முனைவாக்கப்பட்ட ஒளியை அளந்தது. நட்சத்திரத்துக்கு மிக அருகிலேயே ஒரு தூசி வளையம் தெரிந்தது. துகள்களின் ஆரை ஏறத்தாழ 0.3 மைக்குறோமீற்றர். ஹோஃப்னரின் கருத்து வேண்டிய அளவுக்கு அவை பெரியவையாக இருந்தன.

மார்கழியில் நாங்கள் கொண்டாடும் திருவாதிரை நட்சத்திரமும், அதாவது பெற்றெல்ஜூஸ், ஏறத்தாழ 400 நாள் தாளத்தில் துடிக்கிறது. பிரான்சின் பிக் டு மிடி மலையிலிருந்து 2013 முதல் அதன் திருசியக் கோடுகளின் முனைவாக்கத்தை அளந்துவந்தவர்கள், அதன் மேற்பரப்பில் கொதித்தெழும் மாபெரும் வாயுத் திட்டுகளின் வரைபடங்களைத் தயாரித்தார்கள்.

அடுத்து எவை?

மிமோசாவில் பயன்பட்ட முறை மற்ற பீட்டா செஃபெய் நட்சத்திரங்களுக்கும் பொருந்தும் என்கின்றனர் ஆய்வாளர்கள். தென்சிலுவையின் இடப்பக்கத்தில் நிற்கும் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்களுள் சிலுவைக்குக் கிட்டவுள்ள பீட்டா சென்ரோரி இந்த வகையைச் சேர்ந்தது. பஞ்சாங்கத்தில் சித்திரை எனப்படும் ஸ்பைக்காவும் இதே வகைதான், ஆனால் அது சிக்கலான ஆள். நான்கு நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு நட்சத்திரங்கள் அதில் உள்ளன. ஒன்றின் ஒளி மற்றதில் பட்டுத் தெறிப்பதால் வரும் முனைவாக்கத்தை 2019இல் ஜெரமி பெய்லியின் குழு அளந்தது. அதன் துடிப்போ 1970களின் தொடக்கத்தில் தானாகவே அடங்கிப்போயிற்று.

இவற்றுக்கெல்லாம் பெரிய மலையுச்சித் தொலைகாட்டி கட்டாயம் என்றில்லை. ஹிப்பியின் சிறிய வடிவம் ஒன்று சிட்னி நகரின் நடுவே, பல்கலைக்கழக வளாகத்திலிருந்த 35 சென்ரிமீற்றர் தொலைகாட்டியில் பொருத்தப்பட்டு, மில்லியனில் பத்து, இருபது பங்கு என்ற அளவிலான துல்லியத்தை எட்டியது. சுற்றிலும் நகர வெளிச்சம். பிரகாசமான நட்சத்திரத்தின் இரு கற்றைகளையும் ஒப்பிடுவதே வேலை என்பதால் அந்த வெளிச்சம் பெரிய இடைஞ்சலாக இருக்கவில்லை. மொரட்டுவையில் ஆதர் சி. கிளாக் நிறுவகத்தில், ஜப்பானின் உதவியாக 1996இல் வந்த தொலைகாட்டியின் ஆடி 45 சென்ரிமீற்றர்.